ராசிக் கட்டமும் குமரிக் கடலும்: சூரியனையும் கோள்களையும் பார்க்கப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு வானம் பார்க்கப் பழக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளிப் பிள்ளைகள், ஓய்வு பெற்றவர்கள், ராத்திரி மொட்டை மாடிக்குக் காற்று வாங்கப் போகிறவர்கள் என்று யாராக இருந்தாலும் சரி. டெலஸ்கோப் வேண்டாம். முதல் ஒரு வருடத்துக்கு அது இல்லாமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மறைப்பில்லாத ஒரு அடிவானம், ராசிக் கட்டம் போட்ட ஒரு காலண்டர் அல்லது பஞ்சாங்கம், குறித்து வைக்க ஒரு நோட்டு. இவ்வளவு போதும்.

நம் மாவட்டத்துக்கு வாய்த்த வசதி பலருக்குத் தெரிவதில்லை. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் 8 டிகிரியில் இருக்கிறோம். அதனால் சூரியனும் நிலாவும் கோள்களும் கிழக்கே ஏறக்குறைய நெட்டுக்குத்தாக எழுந்து, தலைக்கு மேலாகப் போய், மேற்கே நெட்டுக்குத்தாக இறங்குகின்றன. ஐரோப்பிய நாடுகளில் அவை தெற்கே சரிந்து, வருடத்தில் பல மாதங்கள் அடிவானத்தை ஒட்டியே ஊர்ந்து போகும். அங்கே புதனைக் காண்பதே அரிது. இங்கே அது கடல் விளிம்பில் பளிச்சென்று நிற்கும். கிழக்கிலும் மேற்கிலும் கடலே அடிவானமாக இருக்கிற இடம் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இதைப் பயன்படுத்தாமல் விடக் கூடாது.

முதலில் சூரியன்

எல்லோரும் நேராகக் கோள்களுக்குத் தாவுவார்கள். வேண்டாம். சூரியன் போகும் வழி தெரிந்தால்தான் கோள்கள் இருக்கும் இடம் பிடிபடும்.

கன்னியாகுமரியின் கிழக்குக் கரையில் ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு விளக்குக் கம்பமோ, ஒரு படிக்கட்டோ, அடுத்த முறை தவறாமல் அதே இடத்தில் நிற்க முடிய வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு தமிழ் மாதத்தின் முதல் நாளை ஒட்டி அங்கிருந்து சூரிய உதயத்தைப் பாருங்கள். விவேகானந்தர் மண்டபத்துக்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி எழுகிறது என்று நோட்டில் கோடு போட்டு வரையுங்கள். ஆனியில் இடது பக்கம், அதாவது வடகிழக்கே ஒதுங்கி எழும். மார்கழியில் வலது பக்கம், தென்கிழக்கே போய்விடும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அந்தக் கணக்கில் ஜூன் 21-க்கும் டிசம்பர் 21-க்கும் நடுவே சூரியன் எழும் இடம் கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி நகர்ந்திருக்கும். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதை நீங்களே அளந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

உள்ளூரில் இருப்பவர்களுக்கு ஒரு தென்னையோ மலை முகடோ இதே வேலையைச் செய்யும். மாலையில் பார்க்க வேண்டுமானால் முட்டமோ தேங்காய்ப்பட்டணமோ போங்கள், அங்கே வருடம் முழுவதும் சூரியன் கடலில்தான் இறங்கும். குமரிமுனையில் ஐப்பசி முதல் மாசி வரை கடலில் இறங்குகிற சூரியன், ஆனி ஆடியில் வடமேற்கே நிலத்தின் பக்கம் போய்விடும்.

வருடத்தில் இரண்டு நாட்கள், மார்ச் 21-ஐயும் செப்டம்பர் 23-ஐயும் ஒட்டி, சூரியன் நேர்கிழக்கில் எழுந்து நேர்மேற்கில் மறையும். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் மேற்கு பார்த்த சன்னதியில் இருக்கிறார். பங்குனியிலும் புரட்டாசியிலும் முதல் பத்து நாட்களுக்குள் மறையும் சூரியனின் கதிர் கருவறை வரை வருவதற்குக் காரணம் இதுதான். கட்டியவர்களுக்குச் சூரியனின் வழி துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 நண்பகலில், அஸ்திக் கலசம் வைத்திருந்த இடத்தில் வெயில் விழும்படி கூரையில் துளை வைத்ததும் இதே கணக்குதான். சூரியன் அதே உயரத்துக்கு மார்ச் இரண்டாவது வாரத்திலும் வரும் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

நிழலில்லா நாளையும் விடாதீர்கள். ஏப்ரல் 10-ஐ ஒட்டியும் செப்டம்பர் 1-ஐ ஒட்டியும், பகல் சுமார் 12.20 மணிக்குக் குமரியில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். சமதரையில் ஒரு டம்ளரையோ நேரான குழாய்த் துண்டையோ நிமிர்த்தி வையுங்கள். நிழல் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். பன்னிரண்டு மணிக்கு ஏன் நடக்கவில்லை? நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது. நாம் 77.5-ல் இருக்கிறோம். அந்த 5 டிகிரிக்குத்தான் 20 நிமிடம்.

இப்போது எச்சரிக்கை. இதில் விளையாட்டே கூடாது. வெறும் கண்ணால் சூரியனை உற்றுப் பார்க்காதீர்கள். உதய அஸ்தமன நேரத்துச் செந்நிறச் சூரியனைக்கூட ஓரிரு நொடி பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிடுங்கள். பைனாகுலர், டெலஸ்கோப், கேமரா லென்ஸ் வழியாக ஒருபோதும் கூடாது. எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ், பாத்திரத்தில் சாணித் தண்ணீரோ மஞ்சள் தண்ணீரோ வைத்துப் பார்ப்பது, எதுவுமே பாதுகாப்பில்லை. விழித்திரைக்கு வலி தெரியாது, பார்வை போன பிறகுதான் தெரியும். ஐஎஸ்ஓ 12312-2 தரம் என்று அச்சிட்ட சூரியக் கண்ணாடியோ, 14-ஆம் எண் வெல்டிங் கண்ணாடியோ இருந்தால் பார்க்கலாம்.

கண்ணே வைக்காமல் சூரியனை அளக்க நம் ஓட்டு வீடுகளில் அருமையான வழி உண்டு. ஓட்டு இடுக்கு வழியாகத் தரையில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள். ஓட்டை சதுரமோ முக்கோணமோ, தரையில் விழுவது வட்டமாகத்தான் இருக்கும். அது சூரியனின் பிம்பம். மேகம் ஓடினால் அந்த வட்டத்துக்குள்ளேயே மேகம் ஓடும். ஒரு வெள்ளைத் தாளைக் கதிருக்குக் குறுக்கே நேராகப் பிடித்து வட்டத்தின் விட்டத்தை அளந்து, ஓட்டையிலிருந்து தாள் வரை உள்ள தூரத்தையும் அளவுநாடாவால் அளங்கள். தூரம் 3 மீட்டர் என்றால் விட்டம் ஏறக்குறைய 2.8 செ.மீ. வரும். தூரத்தை விட்டத்தால் வகுத்தால் 107, 108 என்று கிடைக்கும். சூரியன் 15 கோடி கி.மீ. தள்ளி இருக்கிறது. அதை 108-ஆல் வகுத்தால் சுமார் 13.9 லட்சம் கி.மீ. சூரியனின் விட்டம் அதுதான், பூமியைப் போல 109 மடங்கு. அப்புறம் தாளில் அந்த வட்டத்தைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டு அசையாமல் வையுங்கள். சுமார் இரண்டு நிமிடத்தில் பிம்பம் தன் அகலம் முழுவதும் நகர்ந்து கோட்டுக்கு வெளியே போயிருக்கும். பூமி சுழல்வதை இவ்வளவு பக்கத்தில் காட்டும் சோதனை எனக்கு வேறு தெரியாது. ஓட்டு வீடு இல்லாதவர்கள் அட்டையில் சின்னத் துளை போட்டு ஜன்னலில் ஒட்டிக்கொள்ளலாம்.

சூரியனைப் பற்றி மற்றவை சுருக்கமாக. அது ஒரு நட்சத்திரம். நடுவில் ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பத்தில் ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து ஹீலியமாகின்றன, அந்த ஆற்றலே வெயில். மேற்பரப்பு 5,500 டிகிரி செல்சியஸ். வெளிச்சம் நம்மை வந்தடைய 8 நிமிடம் 20 நொடி ஆகும். சூரியக் குடும்பத்தின் மொத்த எடையில் 99.8 சதவீதம் சூரியனே. வயது சுமார் 460 கோடி ஆண்டு.

அடுத்து நிலா

மூன்றாம் பிறையில் தொடங்கிப் பௌர்ணமி வரை, தினமும் ஒரே நேரத்தில், ஏழு மணி என்றே வைத்துக்கொள்ளுங்கள், நிலா எங்கே இருக்கிறது என்று நோட்டில் புள்ளி வையுங்கள். மேற்கில் தொடங்கும் புள்ளிகள் நாளுக்கு 13 டிகிரி, அதாவது ஒரு முஷ்டியும் கொஞ்சமும், கிழக்கே தள்ளித் தள்ளிப் போகும். அந்தப் புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு இழுங்கள். அதுதான் வானத்தின் ராஜபாட்டை. சூரியனும் அந்த வழியில்தான் போகிறது, கோள்களும் அதை ஒட்டியேதான் போகின்றன, நிலா மட்டும் அதிகபட்சம் 5 டிகிரி இப்படி அப்படி விலகும். எல்லாக் கோள்களும் கிட்டத்தட்ட ஒரே தளத்தில் சூரியனைச் சுற்றுவதால் இப்படி. இந்தப் பாதையை விட்டு விலகித் தெற்கே தாழ்வாக ஒரு பிரகாசமான ஒளி நின்றால் அது கோள் அல்ல. தை, மாசி மாலைகளில் அப்படி நிற்பது அகத்திய நட்சத்திரம்.

சித்ரா பௌர்ணமி மாலையில் குமரிமுனையில் ஒரு பக்கம் சூரியன் இறங்க மறுபக்கம் நிலா எழுவதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். அது நல்ல காட்சிதான். ஆனால் ஒவ்வொரு பௌர்ணமியிலும் நடப்பதும் அதுவே. சூரியனுக்கு நேரெதிரே நிலா வந்தால்தான் முழுநிலவு. இந்த நேரெதிர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படிக்கு அதுதான் சாவி.

ராசிக் கட்டத்தைப் படிப்பது

கைப்பேசியில் நட்சத்திரச் செயலிகள் இருக்கின்றன, பயன்படுத்தலாம். ஆனால் நம் வீட்டுச் சுவரிலேயே ஒரு வான்படம் தொங்குகிறது. காலண்டரின் மாதத் தாளிலோ பஞ்சாங்கத்திலோ போட்டிருக்கும் ராசிக் கட்டம், பலன் சொல்வதற்கு என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிற ஒன்று, அடிப்படையில் கோள்கள் இன்று எங்கே நிற்கின்றன என்கிற வரைபடம். ஜோதிடப் பலனில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோள்களின் இடத்தைக் கணக்கிட்டுத் தருகிற அந்தக் கட்டத்தின் மேல் மிகுந்த மரியாதை உண்டு.

மேல் வரிசையில் இடமிருந்து வலமாக மீனம், மேஷம், ரிஷபம், மிதுனம். வலப்பக்கம் கீழே இறங்கினால் கடகம், சிம்மம். கீழ்வரிசையில் வலமிருந்து இடமாகக் கன்னி, துலாம், விருச்சிகம், தனுசு. இடப்பக்கம் மேலே ஏறினால் மகரம், கும்பம். இந்தப் பன்னிரண்டும் சேர்ந்ததுதான் நாம் நோட்டில் கோடு போட்ட பாதை. ஒரு கட்டம் 30 டிகிரி, அதாவது மூன்று முஷ்டி. வானம் சுழலும் வேகத்தில் ஒரு கட்டத்துக்கு இரண்டு மணி நேரம்.

சூரியன் எந்தக் கட்டத்தில் என்பதற்குக் காலண்டரையே பார்க்க வேண்டாம். சித்திரையில் மேஷம், வைகாசியில் ரிஷபம் என்று மாதத்துக்கு ஒரு கட்டம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பெரியவர்கள் கொல்லம் ஆண்டுக் கணக்கில் மேடம், எடவம் என்று மாதம் சொல்வார்கள், அதில் ராசியே மாதப் பெயர்.

சரி, சூரியன் இருக்கும் கட்டத்தை ஒன்று என்று வைத்து, வலச்சுற்றாக எண்ணுங்கள்.

அதே கட்டத்தில் இருக்கும் கோள் சூரிய வெளிச்சத்தில் மூழ்கியிருக்கும், பெரும்பாலும் தெரியாது. பஞ்சாங்கம் அதை அஸ்தங்கம் என்கிறது.

இரண்டு முதல் ஆறாவது கட்டம் வரை உள்ளவை மாலை வானத்தில் தெரியும். இரண்டாவதில் இருப்பது மேற்கே தாழ்வாக, நான்காவதில் இருப்பது சூரியன் மறையும்போது உச்சிக்குப் பக்கத்தில், ஆறாவதில் இருப்பது கிழக்கே.

ஏழாவது கட்டம் நேரெதிர். சூரியன் மறையும்போது எழுந்து, விடியும்போது மறையும். ராத்திரி முழுக்கப் பார்க்கலாம்.

எட்டு முதல் பன்னிரண்டு வரை உள்ளவை இருட்டிய பிறகு எழும். பத்தாவதில் இருப்பது நள்ளிரவு வாக்கில் வரும். பன்னிரண்டாவதில் இருப்பது விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வரும்.

ஒரு எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். 2027 மாசி மாதம், அதாவது பிப்ரவரிப் பிற்பாதி. சூரியன் கும்பத்தில். சனி மீனத்தில், அது இரண்டாவது கட்டம், எனவே அந்தி மறைந்ததும் மேற்கே கடலுக்கு மேல் தேடுங்கள். குரு கடகத்தில், ஆறாவது கட்டம். செவ்வாய் சிம்மத்தில், ஏழாவது. எனவே இரண்டும் கிழக்கே. எட்டு மணிக்கு வெளியே வந்தால் மேற்கே சனி இறங்கிக்கொண்டிருக்க, கிழக்கே வெண்மையாகக் குருவும் அதற்குக் கீழே செம்மையாகச் செவ்வாயும் ஏறிக்கொண்டிருக்கும். மூன்றையும் சேர்த்துக் கோடு இழுத்தால் ராஜபாட்டை அப்படியே தெரியும். பிப்ரவரி 19-ஆம் தேதி செவ்வாய் சூரியனுக்குச் சரியாக நேரெதிரே வருகிறது. இது 26 மாதங்களுக்கு ஒரு முறைதான் நடக்கும், மாசியில் நம் ஊர் வானமும் தெளிவாக இருக்கும். தவறவிடாதீர்கள்.

கோளின் பெயர் பக்கத்தில் (வ) என்று போட்டிருந்தால் வக்ரம். மற்ற நாட்களில் மேற்கிலிருந்து கிழக்காக நட்சத்திரங்களுக்கு நடுவே நகரும் கோள், சில வாரமோ சில மாதமோ பின்னோக்கி நகர்வதாகத் தோன்றும் காலம் அது. உண்மையில் கோள் திரும்பிப் போவதில்லை. சூரியனுக்குப் பக்கத்தில், வேகமாகச் சுற்றும் பூமி அந்தக் கோளைக் கடந்து முன்னே போகிறது, அதனால் அந்தத் தோற்றம். செவ்வாய், குரு, சனி மூன்றும் வக்ரத்தில் இருக்கும்போதுதான் பூமிக்கு மிக நெருக்கமாகவும் மிகப் பிரகாசமாகவும் இருக்கும். வானம் பார்க்கிறவருக்கு வக்ரம் என்றால் கொண்டாட்டம்.

குருப்பெயர்ச்சி ஆண்டுக்கு ஒரு முறை வருவது ஏன்? குரு, அதாவது வியாழன், சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டு. பன்னிரண்டு கட்டத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு. சனிக்கு 29 ஆண்டு ஐந்து மாதம், எனவே ஒரு கட்டத்துக்கு இரண்டரை ஆண்டு. மூன்று கட்டம் கடந்தால் ஏழரை. பெயர் தெரியாத யாரோ பல நூற்றாண்டுகள் விடாமல் பார்த்துக் குறித்த கணக்கு இது.

ஒரு விஷயம் மட்டும் கவனம். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில நேரம் முரண்படும். வாக்கியம் பழைய சூத்திரங்களை அப்படியே வைத்திருக்கிறது, திருக்கணிதம் நவீன வானியல் கணக்கோடு ஒத்துப்போகிறது. வானத்தில் பார்க்கத் திருக்கணிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

ராகு, கேது இரண்டும் பார்க்கக் கூடிய பொருட்கள் அல்ல. நிலாவின் பாதை சூரியனின் பாதையை வெட்டுகிற இரண்டு புள்ளிகள். அதனால்தான் எப்போதும் ஒன்றுக்கொன்று நேரெதிரே நிற்கும், எப்போதும் பின்னோக்கியே நகரும், ஒரு சுற்றுக்கு 18.6 ஆண்டு ஆகும். சூரியன் ராகுவையோ கேதுவையோ நெருங்கும் மாதத்து அமாவாசையும் பௌர்ணமியுமே கிரகண காலம். அது ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும். பாம்பு விழுங்குகிற கதைக்குள் சரியான கணக்கு இருக்கிறது.

கோள்கள் ஒவ்வொன்றாக

வெள்ளியில் தொடங்குங்கள். நிலாவுக்கு அடுத்தபடியாக மிகப் பிரகாசமானது, தவறவே முடியாது. சூரியனிடமிருந்து 47 டிகிரிக்கு மேல் விலகாது, கட்டத்தில் சொன்னால் இரண்டு கட்டம். எனவே மாலையில் மேற்கே அல்லது விடியலில் கிழக்கே மட்டும் தெரியும், நள்ளிரவில் ஒருபோதும் தெரியாது. கடலுக்குப் போகிறவர்கள் விடிவெள்ளி என்று காலம் காலமாக நேரம் பார்த்தது இதைத்தான். பார்க்க அழகு, அங்கே போனால் 460 டிகிரி வெப்பம். கரியமில வாயு மூடிய காற்றுமண்டலம் வெப்பத்தை வெளியே விடுவதில்லை.

புதன் 28 டிகிரிக்கு மேல் சூரியனை விட்டுப் போகாது. வருடத்துக்கு மூன்று தடவை மாலையிலும் மூன்று தடவை காலையிலும் எட்டிப் பார்க்கும், ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு வாரம்தான். முட்டம் பாறையிலோ தேங்காய்ப்பட்டணம் கரையிலோ சூரியன் மறைந்து 40 நிமிடம் கழித்து, மறைந்த இடத்துக்கு நேர் மேலே ஒரு முஷ்டி உயரத்தில் தேடுங்கள். வானியலையே தொழிலாகக் கொண்டவர்களில்கூட வெறும் கண்ணால் புதனைப் பார்க்காதவர்கள் உண்டு. குமரிக்காரர்களுக்கு அந்தக் குறை வர வேண்டியதில்லை.

செவ்வாய் சிவப்பு, இரும்புத் துரு நிறைந்த மண். பிரகாசம் வெகுவாக ஏறி இறங்கும். வியாழன் நிலையான, கண் கூசாத வெண்மை. பூமியைப் போல 318 மடங்கு எடை உள்ள அது பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே சுற்றிவிடும். சனி மங்கலான மஞ்சள், அவசரமே இல்லாமல் நகரும். யுரேனஸ் 1781-லும் நெப்டியூன் 1846-லும் டெலஸ்கோப் வழியே கண்டுபிடிக்கப்பட்டவை, தொடக்கத்தில் அவற்றைத் தேட வேண்டாம். புளூட்டோ 2006 முதல் குறுங்கோள்.

நட்சத்திரத்தையும் கோளையும் பிரித்தறிய, மினுக்கத்தைப் பாருங்கள். நட்சத்திரம் மினுக்கும், கோள் பெரும்பாலும் நிலையாக ஒளிரும். கடல் விளிம்பில் நிற்கும் விசைப்படகு விளக்குகளும், திருவனந்தபுரம் விமான நிலையத்தை நோக்கி வரும் விமானங்களும் புதியவர்களை ஏமாற்றும். ஐந்து நிமிடம் பொறுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

தூரத்தைக் கால்களால் உணர

எண்களாகப் படித்தால் இந்தத் தூரங்கள் மனதில் நிற்காது, நடந்தால் நிற்கும். ஒரு மில்லிமீட்டருக்கு ஆயிரம் கி.மீ. என்று சுருக்குவோம். காந்தி மண்டபத்து வாசலில் சூரியனை வையுங்கள், அது 1.4 மீட்டர் விட்டம், மாட்டுவண்டிச் சக்கரத்தின் அளவு. வடக்கே நடக்கத் தொடங்கினால் 58-ஆவது மீட்டரில் புதன், ஒரு மிளகு. 108-ல் வெள்ளி, ஒரு சுண்டைக்காய். 150-ல் நம் பூமி, இன்னொரு சுண்டைக்காய். அதிலிருந்து ஒன்றரைச் சாணுக்குச் சற்று மேல் தள்ளி நிலா, கொத்தமல்லி விதை. இந்திய விண்கலம் ஆதித்யா எல்-1 நின்று சூரியனைக் கவனிக்கும் இடம், பூமியிலிருந்து சூரியன் பக்கமாக வெறும் ஒன்றரை மீட்டர். 228-ல் செவ்வாய், ஒரு பட்டாணி. அதற்குள் ஊரின் கடைத்தெருவைக்கூடத் தாண்டியிருக்க மாட்டோம்.

இதற்கு மேல்தான் நடை. 778 மீட்டரில் வியாழன், உரித்த தேங்காய். 1.4 கி.மீ.யில் சனி, கொஞ்சம் சின்னத் தேங்காய். 2.9 கி.மீ.யில் யுரேனஸ், 4.5 கி.மீ.யில் நெப்டியூன், இரண்டும் எலுமிச்சம்பழம். கொட்டாரம் பக்கம் வந்துவிட்டோம். 1977-ல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இப்போது நாகர்கோவிலைத் தாண்டி இருக்கும். சரி, சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம்? இதே அளவில் 40,000 கி.மீ. உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பக் குமரிக்கு வந்து சேரும் தூரம். நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, மடியில் மிளகும் சுண்டைக்காயும் கட்டிக்கொண்டு, செவ்வாய் வரைக்குமாவது ஒரு நாள் நடந்து பாருங்கள்.

எப்போது, எங்கே

நமக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. எனவே மார்கழிக் கடைசி முதல் பங்குனி வரைதான் அறுவடைக் காலம். அதற்காக மற்ற மாதங்களில் சும்மா இருக்க வேண்டாம். மழை விட்டு வெறித்த இரவில் தூசியெல்லாம் கழுவப்பட்டு வானம் கண்ணாடி போல இருக்கும்.

கோள்களைப் பார்க்க ஊர் வெளிச்சம் தடையே இல்லை. நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் நின்றுகூட வெள்ளியையும் வியாழனையும் பார்க்கலாம். பின்னணி நட்சத்திரங்களும் வேண்டுமென்றால் பேச்சிப்பாறை, பெருஞ்சாணிப் பக்கமோ ஆள் நடமாட்டமுள்ள அமைதியான கடற்கரையோ போங்கள். தனியாகப் போகாதீர்கள். இருட்டில் பாறை விளிம்பிலும் அலை அடிக்கும் இடத்திலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கக் கூடாது, குமரிக் கடல் பொல்லாதது.

கருவி வாங்க நினைத்தால்

ஒரு வருடம் பாதையைப் பழகிய பிறகு, முதலில் 10×50 பைனாகுலர், அதாவது 10 மடங்கு பெருக்கம், 50 மி.மீ. அகல லென்ஸ். அதைச் சுவரிலோ கம்பத்திலோ அசையாமல் சாய்த்துப் பிடித்தால் வியாழனின் நான்கு பெரிய நிலாக்கள் ஒரு கோட்டில் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். 1610 ஜனவரி 7 அன்று கலிலியோ பார்க்கத் தொடங்கியது அவற்றைத்தான். தொடர்ந்து நான்கைந்து இரவு வரைந்து வையுங்கள், புள்ளிகள் இடம் மாறுவதை வைத்து அவை சுற்றுவது புரிந்துவிடும். சனி வளையத்துக்கு டெலஸ்கோப் வேண்டும், 25 மடங்கு பெருக்கமே போதும். 2025 மார்ச்சில் வளையம் விளிம்பு காட்டி நின்றதால் மெல்லிய கோடாகிவிட்டது, இனி ஆண்டுக்கு ஆண்டு விரிந்து 2032 வாக்கில் முழு அழகில் இருக்கும். பெட்டியில் 500 மடங்கு என்று பெரிதாக எழுதி விற்கும் பொம்மை டெலஸ்கோப்பில் பணத்தைப் போடாதீர்கள். பெருக்கத்தைவிட லென்ஸின் அகலமும் ஆடாத முக்காலியும் முக்கியம்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்று கருவிக்கு எமன். திரும்பி வந்ததும் உடனே மூடி வைக்காமல் காற்றாட ஈரம் உலர விட்டு, பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் பூட்டுங்கள். லென்ஸில் பூஞ்சை பிடித்தால் எடுப்பது கடினம். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்றில் முக்காலி நிற்காது, கட்டடத்தின் மறைவில் வையுங்கள்.

வாங்கும் முன் ஒரு முறையாவது வேறொருவர் கருவியில் பாருங்கள். திருநெல்வேலியில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது, திருவனந்தபுரத்தில் கோளரங்கம் இருக்கிறது, இரண்டுமே நமக்குப் போய்வரும் தூரம். விண்வெளி நமக்கு அன்னியமும் இல்லை. இஸ்ரோவின் தலைவராக இருந்த சிவனும், 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்பேற்ற நாராயணனும் இந்த மாவட்டத்துக் கிராமங்களில் பிறந்தவர்கள். இந்திய ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் வந்துவிடும்.

கிரகணத்துக்கு இப்போதே தயாராகுங்கள்

2010 ஜனவரி 15 அன்று பகல் ஒரு மணிக்கு மேல், குமரியில் சூரியன் நெருப்பு வளையமாக நின்றது. நிலா அன்றைக்குத் தூரத்தில் இருந்ததால் சூரியனை முழுதாக மூட முடியவில்லை, விளிம்பு மட்டும் மிஞ்சியது. தென்னை ஓலை இடுக்கு வழியே தரையில் விழும் வெளிச்ச வட்டங்கள் இப்படிப்பட்ட நாளில் முதலில் பிறையாகி, பின் வளையமாகும்.

நம் பக்கம் வரும் அடுத்த வளைய கிரகணம் 2031 மே 21 அன்று கேரளம், தென்தமிழகம் வழியாகக் கடந்து போகிறது. நாள் நெருங்கும்போது வளையம் தெரியும் பட்டை எந்த ஊர்கள் வழியாகப் போகிறது என்ற வரைபடத்தைப் பார்த்து, உங்கள் ஊர் அதற்குள் வருகிறதா, இல்லையென்றால் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். சூரியக் கண்ணாடியை இரண்டு மாதம் முன்னாலேயே, தர எண் பார்த்து வாங்குங்கள். கடைசி வாரத்தில் போலிகள் வந்துவிடும். கீறலோ துளையோ இருந்தால் தூக்கிப் போடுங்கள். பிள்ளைகளுக்கு ஓட்டு இடுக்குப் பிம்பத்தை முன்பே காட்டிப் பழக்கியிருந்தால், அன்றைக்கு அவர்கள் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள், தாளை எடுத்துக்கொண்டு தரையைத் தேடுவார்கள்.